மைக்கில் வாசித்த மூன்றாவது பெயர்

போன மாதம் நீங்கள் மூன்று பேர் என் வீட்டுக்கு வந்தீர்கள். பள்ளி அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கிறோம், ஸ்காலர்ஷிப் வேலையை எங்கள் தலையில் கட்டிவிட்டார்கள், எப்படிப் பார்ப்பது என்று கேட்டீர்கள். நானும் பெரிய மனுஷி மாதிரி எந்த விண்ணப்பத்துக்கு எந்தச் சான்று, எதை முதலில் அனுப்புவது, எதில் எங்கே கையெழுத்து என்று ஒரு மணி நேரம் அளந்தேன். காபி குடித்துவிட்டுப் போனீர்கள். நீங்கள் போன பிறகு எனக்கு உறுத்தியது. சுற்றறிக்கையில் இருப்பதை யார் வேண்டுமானாலும் உங்களுக்குச் சொல்வார்கள். நான் சொல்ல வேண்டியது வேறு. நேரில் சொன்னால் பாதியில் நிறுத்திவிடுவேன் என்று தெரிந்துதான் எழுதுகிறேன்.

விருத்தாசலத்தில் ஒரு பள்ளி. எது என்று சொல்லப்போவதில்லை, நீங்களும் துருவ வேண்டாம். கணவர் போன பிறகு கருணை அடிப்படையில் கிடைத்த வேலை எனக்கு. நீங்கள் எல்லாம் தேர்வு எழுதி, வரிசை எண் வாங்கி வந்தவர்கள். நான் கண்ணீரோடு வந்தவள். அதனாலேயே வேலையில் யாரும் என்னை ஒரு சொல் சொல்லிவிடக் கூடாது என்று ஒரு வீம்பு எப்போதும் இருந்தது. நான் செய்த தப்புகளில் பாதிக்கு அந்த வீம்புதான் காரணம்.

முதல் தப்பு சேர்ந்த இரண்டாம் வருடம் நடந்தது. மாணவர்களுக்கு ஓர் உதவித்தொகைத் தேர்வு அறிவித்திருந்தார்கள். அதில் தேறினால் பள்ளிப் படிப்பு முடிகிறவரை வருடாவருடம் பணம் வரும். நான் அறிவிப்பை அழகாக எழுதி நோட்டீஸ் போர்டில் ஒட்டினேன். கடைசித் தேதியைச் சிவப்பில் அடிக்கோடிட்டேன். வந்த விண்ணப்பங்களைக் கட்டி அனுப்பிவிட்டு நிம்மதியாக உட்கார்ந்தேன். ஒரு வாரம் கழித்துக் கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து ஓர் அம்மாள் வந்தார். வகுப்பிலேயே முதல் மதிப்பெண் வாங்குகிற பெண்ணின் தாய். அவருடைய பெண் விண்ணப்பிக்கவே இல்லை.

"போர்டுல போட்டிருந்தேனே, உங்க பொண்ணு பாக்கலியா?" என்று கேட்டேன்.

"அவ வர பஸ்ஸு பெல் அடிக்கறப்பத்தான் வருதுங்க. சாயங்காலம் பெல் அடிச்ச வொடனே ஓடுனாத்தான் போற பஸ்ஸப் புடிக்கலாம். போர்டுகிட்ட எப்பங்க அவ நிக்கிறது?"

சண்டை போட வந்தவர் இல்லை. நிஜமாகவே பதில் கேட்டார். அவர் கொஞ்ச நேரம் மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டு, "சரிங்க, போயிட்டு வரேன்" என்று கிளம்பினார்.

மறுநாளே தலைமையாசிரியை அறைக்குப் போனேன். இனிமேல் எந்த உதவித்தொகையானாலும் காலை பிரேயரில் மைக்கில் அறிவிக்கிறேன், யார் யார் இன்னும் என்ன தரவில்லை என்று பெயர் சொல்லிக் கூப்பிடுகிறேன் என்றேன். அவர் நல்லவர். பிள்ளைகளுக்கு நல்லது என்றால் மறுக்க மாட்டார். "தாராளமா வாசிங்க" என்று சொல்லிவிட்டார்.

அன்றிலிருந்து கொடியேற்றம், வாழ்த்துப் பாடல், திருக்குறள், செய்திகள், அதன் பிறகு நான். பட்டியலைப் பிடித்துக்கொண்டு மைக் முன்னால் நிற்பேன். வருமானச் சான்று தராதவர்கள், போட்டோ தராதவர்கள், கையெழுத்துப் போடாதவர்கள் என்று பெயர் பெயராகப் படிப்பேன். பிள்ளைகள் எனக்கு 'லாஸ்ட் டேட் அம்மா' என்று பட்டப்பெயர் வைத்தார்கள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. எங்கள் பள்ளியில் தேதி தவறி ஒரு பிள்ளைகூட உதவித்தொகையை இழக்கவில்லை என்று கேள்விப்பட்டு, பக்கத்துப் பள்ளிகளிலிருந்து வந்து எப்படி என்று என்னிடம் கேட்டுப் போனார்கள். சிலர் அங்கேயும் மைக்கில் வாசிக்க ஆரம்பித்தார்கள். அதற்கும் சேர்த்துத்தான் நான் இப்போது வருத்தப்படுகிறேன்.

இனி அந்தப் பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன்.

ஒன்பதாம் வகுப்பு. ஒல்லியாக, எண்ணெய் வைத்து இழுத்துப் பின்னிய இரட்டைச் சடை. நடுத்தரமாகப் படிப்பாள். ஆனால் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். பள்ளிக் கரும்பலகையில் பொன்மொழி எழுதுவது அவள் வேலை. என் அலுவலகத்திலும் கோப்புகளின் மேலட்டையில் தலைப்பு எழுத அவளைத்தான் கூப்பிடுவேன். நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதுவாள்.

அப்பா செராமிக் கம்பெனியில் வேலை செய்கிறார் என்று வகுப்பில் சொல்லியிருந்தாள். இந்த ஊரில் அதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. பாதிப் பிள்ளைகளுக்கு அப்பாவோ சித்தப்பாவோ அங்கே அச்சில் களிமண் ஊற்றுகிறவராகவோ சூளை அடுக்குகிறவராகவோ இருப்பார்கள். இவள் சொன்னதோடு நிற்காமல் அடையாளமும் கொண்டுவருவாள். ஒரு முறை சிநேகிதிகளுக்குச் சின்னச் சின்ன பீங்கான் கிண்ணங்கள் கொடுத்தாள். இன்னொரு முறை வகுப்பு டீச்சருக்கு வெள்ளைப் பீங்கானில் ஒரு பேனா ஸ்டாண்டு. விளிம்பில் லேசாக விரிசல் இருந்தது. டீச்சர் அதை மேஜையிலேயே வைத்துக்கொண்டார்.

எனக்கு மட்டும் உண்மை தெரியும். அவளுடைய அப்பா எங்கள் தெருவில் சாக்கடை அள்ளுகிறவர். நகராட்சி ஆள். சில வீடுகளில் கூப்பிட்டால் கக்கூஸ் தொட்டியிலும் இறங்குவார். செராமிக் கம்பெனிகள் இருக்கும் பக்கமும் அவர் குப்பை எடுப்பார். அங்கே கழித்துப் போட்ட பீங்கானில் உடையாததாகப் பார்த்து மகளுக்குக் கழுவி எடுத்துவந்து கொடுப்பார் என்பதைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். பெற்றோர் கூட்டத்துக்கு வரும்போது வெள்ளைச் சட்டை போட்டு, தலையைப் படிய வாரி, கடைசி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டுப் போவார். யாரும் கேட்டால் "கம்பெனி வேலங்க" என்பார். அப்பாவும் மகளும் சேர்ந்து அதைக் காப்பாற்றி வந்தார்கள்.

அந்த வருடம் ஒரு சுற்றறிக்கை வந்தது. துப்புரவு வேலை செய்கிறவர்களின் பிள்ளைகளுக்குத் தனியாக ஓர் உதவித்தொகை உண்டு. மற்றதைவிடக் கூடுதலாகக் கிடைக்கும். தகுதியுள்ளவர்கள் விடுபடாமல் பார்த்துக்கொள்ளுமாறு எழுதியிருந்தார்கள். எனக்கு உடனே அவள் ஞாபகம் வந்தது. அவளுடைய சேர்க்கை விண்ணப்பத்தை எடுத்துப் பார்த்தேன். தந்தையின் தொழில் என்ற இடத்தில், அதே முத்துக் கையெழுத்தில், 'செராமிக் தொழிலாளி' என்று இருந்தது. சின்னப் பெண், விவரம் தெரியாமல் எழுதி வரவேண்டியதைக் கெடுத்துக்கொள்கிறாளே என்று நினைத்தேன். விவரம் தெரியாதவள் நான்தான் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

மறுநாள் காலை அவர் எங்கள் தெருவில் வேலை செய்துகொண்டிருந்தபோது வாசலில் நின்றே கூப்பிட்டேன். அவருக்கு என்னைவிட ஏழெட்டு வயது அதிகம் இருக்கும். நான் 'நீ' என்றுதான் பேசினேன். அப்படித்தான் எல்லோரும் பேசினோம்.

"உன் பொண்ணுக்கு கவர்மெண்டு பணம் வருது. நகராட்சியில ஒரு சர்டிபிகேட் வாங்கியா. நீ இந்த வேல பாக்கறேன்னு எழுதிக் குடுப்பாங்க."

அவர் மண்வெட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கொஞ்சம் எட்டியே நின்றார். "பாப்பாவ ஒரு வார்த்த கேட்டுட்டு சொல்றேங்கம்மா."

"இதுல அவள என்னா கேக்கறது? வெள்ளிக்கிழம கடைசி தேதி. அப்பறம் அழுதாலும் கெடைக்காது."

"இல்லீங்கம்மா... அது ஸ்கூலுல..." என்று இழுத்தார்.

"ஸ்கூல நான் பாத்துக்கறேன். நீ சர்டிபிகேட்ட மட்டும் குடு" என்றேன்.

அவர் என்ன சொல்ல வந்தார் என்று இன்றைக்கு ஒரு குழந்தைக்குக்கூடப் புரியும். எனக்குப் பால் பொங்கும் நேரம், உள்ளே போய்விட்டேன். இரண்டு நாளில் சான்றிதழை ஒரு பிளாஸ்டிக் உறையில் மடித்துக் கொண்டுவந்து கொடுத்தார். கையை வேட்டியில் நன்றாகத் துடைத்துவிட்டுக் கொடுத்தது நினைவிருக்கிறது.

அந்தத் திட்டத்துக்கு எங்கள் பள்ளியில் மூன்று பேர் தேறினார்கள். ஆறாம் வகுப்பில் இரண்டு வாண்டுகள், மூன்றாவது இவள். மூன்று பேரிடமும் போட்டோவும் கையெழுத்தும் வாங்க வேண்டியிருந்தது. அந்த வாரம் வேறு நாலு திட்டங்களுக்கும் அதே கடைசித் தேதி. சம்பளப் பட்டியல் வேறு தலைக்கு மேல் இருந்தது. வகுப்பு வகுப்பாகப் போய்த் தனித்தனியே கூப்பிட எனக்கு ஏது நேரம் என்று நினைத்தேன். கணக்குப் பார்த்தால் பத்து நிமிட வேலை.

செவ்வாய்க்கிழமை பிரேயரில் வழக்கம்போலப் பட்டியலோடு நின்றேன்.

நம் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. உங்களுக்கும் இந்நேரம் தொற்றியிருக்கும். திட்டத்தின் பெயரைச் சுருக்க மாட்டோம். சுருக்கினால் கோப்பு மாறும், பணம் வேறு தலைப்பில் போய் மாட்டிக்கொள்ளும், தணிக்கையில் கேள்வி வரும். அதனால் எதையும் முழுப் பெயரோடுதான் எழுதுவோம், முழுப் பெயரோடுதான் படிப்போம். நானும் அப்படியே படித்தேன்.

"சுகாதாரக் குறைவான தொழில் புரிவோரின் குழந்தைகளுக்கான கல்வி உதவித்தொகை. கீழ்க்கண்ட மாணவியர் போட்டோவுடன் உடனே அலுவலகத்துக்கு வரவும்."

மூன்று பெயர்கள். இனிஷியல், வகுப்பு, பிரிவு எல்லாம் சேர்த்துத் தெளிவாக. மைக் அன்றைக்கு நன்றாக வேலை செய்தது.

ஒன்பதாம் வகுப்பு வரிசையில் தலைகள் திரும்பின. யாரோ ஒரு பெண் சிரித்தாள். கிண்டல் சிரிப்புக்கூட இல்லை, தவறாகப் படித்துவிட்டேன் என்று நினைத்துச் சிரித்தாள். "அம்மா, அவங்கப்பா செராமிக்" என்று ஒரு குரல் வந்தது. எனக்கு என் பட்டியல் தப்பு என்று யாரும் சொன்னால் பிடிக்காது. அந்த வீம்பு. மைக்கிலேயே பதில் சொன்னேன்.

"நகராட்சி சர்டிபிகேட் என் கையில இருக்குது. சரியாத்தான் படிக்கிறேன்."

அந்தப் பதிலுக்கு எந்தச் சுற்றறிக்கையையும் நான் காரணம் சொல்ல முடியாது.

முதல் மணி அடிப்பதற்குள் அவள் அலுவலகத்துக்கு வந்துவிட்டாள். போட்டோ பையிலேயே இருந்திருக்கிறது. ஒட்டினாள். நான் காட்டிய இடங்களில் எல்லாம் கையெழுத்துப் போட்டாள். எழுத்து கொஞ்சமும் நடுங்கவில்லை. "வேற எங்கியாவது போடணுமாம்மா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "வரேங்கம்மா" என்று போனாள். சமத்துப் பெண், காரியம் முடிந்தது என்று அந்த வரிசையில் ஒரு டிக் அடித்தேன். வெள்ளிக்கிழமை விண்ணப்பக் கட்டு கடலூர் மாவட்ட அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. ஒரு விண்ணப்பம்கூடக் குறையவில்லை.

அவள் புதன்கிழமையிலிருந்து வரவில்லை.

எனக்கு அது தெரியவே இல்லை. அடுத்த வாரம் வகுப்பு டீச்சர் வருகைப் பதிவேட்டோடு வந்து, "அந்தப் புள்ள வர்றதே இல்ல. உங்களுக்கு எதாவது தெரியுமா?" என்று கேட்டபோதுதான் தெரிந்தது. செவ்வாய்க்கிழமை வகுப்பில் என்ன நடந்தது என்று அவர் சொன்னார். அவள் கொடுத்த கிண்ணங்களைச் சிநேகிதிகள் மதியமே வீட்டிலிருந்து கொண்டுவந்து அவள் பெஞ்சில் வைத்திருக்கிறார்கள். குப்பையில் எடுத்ததா என்று ஒருத்தி கேட்டிருக்கிறாள். தண்ணீர்க் குடத்துக்குப் பக்கத்தில் இவள் வந்தபோது இரண்டு பேர் நகர்ந்திருக்கிறார்கள். பெரிய சண்டை ஒன்றும் இல்லை. பிள்ளைகளை மட்டும் குறை சொல்ல நான் வரவில்லை. அவர்களுக்கு அதைக் கற்றுக்கொடுத்த வீடுகளில் என் வீடும் ஒன்று.

டீச்சர் மேஜையிலிருந்த பேனா ஸ்டாண்டு அன்று காலை வகுப்பறைக் குப்பைக் கூடையில் கிடந்தது. யார் போட்டது என்று டீச்சருக்குத் தெரியவில்லை. நான் போய் எடுத்துவந்தேன். என் மேஜையில் வைத்துக்கொள்ளத் தைரியம் இல்லை. பழைய கோப்பு பீரோவின் மேல்தட்டில் வைத்துப் பூட்டினேன்.

தலைமையாசிரியையிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "நானும்தானே மேடையில நின்னுட்டு இருந்தேன்" என்றார். பிறகு, "நீங்க போய்க் கூப்பிடுங்க. நான் வந்தா கூட்டம் கூடிடும்" என்றார்.

அன்று மாலையே போனேன். நகராட்சிக் குடியிருப்பில் கடைசி வீடு. அவர் வாசலில் உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார். உட்காரச் சொல்ல நாற்காலி எடுத்துவந்து துடைத்தார். அவர் மனைவி உள்ளே இருந்து வெளியே வரவில்லை.

"பாப்பா எங்க?" என்றேன்.

"உள்ளதான் இருக்குதுங்க. வூட்ட வுட்டு வரமாட்டேங்குது. தண்ணி புடிக்கக்கூட வரமாட்டேங்குது."

"நான் செஞ்சது தப்புதான். நீங்க அவள நாளைக்கு அனுப்புங்க. வகுப்பு மாத்திடலாம்னு எச்.எம். சொல்லியிருக்காங்க."

அவரிடம் 'நீங்க' என்று நான் சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் அதைக் கவனித்தாரா என்று தெரியாது.

"நானும் சொல்லிப் பாத்துட்டேங்கம்மா. இந்த வேலய வுட்டுட்டு நெசமாவே கம்பெனிக்குப் போயிடறேன், நீ ஸ்கூலுக்குப் போன்னு சொன்னேன். 'இப்ப போயி என்னாப்பா பண்றது, மைக்குல சொல்லிட்டாங்களே'ன்னு கேக்குதுங்க."

உள்ளேயிருந்து அவள் அம்மாவின் குரல் வந்தது. "நாங்க காசு கேட்டு உங்ககிட்ட வந்தமா? எம்பொண்ணு என்னா திருடிட்டாளா? ஊரக் கூட்டி வச்சி மைக்குல ஏங்க சொன்னீங்க?"

"ஏய், சும்மா இரு. அம்மா நமக்கு நல்லது பண்ணத்தான்..." என்று அவர் அடக்கினார். எனக்காகப் பரிந்து பேசினார். அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்க என்னால் முடியவில்லை. எழுந்து, சாத்திய கதவைப் பார்த்து, "பாப்பா, அம்மா தெரியாம பண்ணிட்டேன்டா" என்றேன். அவள் கதவுக்குப் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தாள். கீழே கால் தெரிந்தது.

இன்னும் இரண்டு முறை போனேன். நல்லூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் பேசி இடம் வாங்கினேன். மாற்றுச் சான்றிதழை நானே எழுதி, கையெழுத்து வாங்கித் தயாராக வைத்தேன். அவர் ஒரு நாள் வந்தார். "அந்தப் பஸ்ஸுலயும் நம்ம ஊரு புள்ளைங்கதான் வருதுங்களாம். வேணாங்குது" என்று சொல்லிவிட்டுச் சான்றிதழை வாங்காமலே போனார். அது பள்ளியின் கோப்பிலேயே இருந்தது. நான் ஓய்வு பெறுகிறவரை இருந்தது.

விதிப்படி இத்தனை நாள் வராவிட்டால் பெயரை நீக்க வேண்டும். வேறு யாரிடமாவது கொடுத்திருக்கலாம். நானே செய்தேன். பதிவேட்டில் அவள் பெயருக்கு மேல் சிவப்பு மையில் கோடு போட்டு, ஓரத்தில் 'நீண்ட நாள் வராமை' என்று எழுதினேன். என்ன காரணத்தால் வரவில்லை என்று எழுத அங்கே இடம் கிடையாது.

கோடை விடுமுறைக்கு முன்னால் அவளுடைய உதவித்தொகை வந்தது. ஒரு பைசா பிடித்தமில்லாமல், சரியான தலைப்பில், பெயரில் ஓர் எழுத்துப் பிழைகூட இல்லாமல் வந்தது. பள்ளியில் இல்லாத பிள்ளைக்குப் பட்டுவாடா செய்ய முடியாது. அரசுக் கணக்கில் திருப்பிக் கட்ட வேண்டும். கட்டிவிட்டு, கருவூலத்தின் வாசற்படியில் உட்கார்ந்து அழுதேன். காவலுக்கு இருந்தவர் பணம் தொலைத்துவிட்டேனோ என்று நினைத்து, "எவ்ளோம்மா போச்சு?" என்று கேட்டார்.

மைக்கில் படிப்பதை அந்தச் செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு நிறுத்திவிட்டேன். பிள்ளைகளை ஒவ்வொருவராக மதிய இடைவேளையில் கூப்பிட்டேன். வேலை இரண்டு மடங்காயிற்று. அந்த ஆறாம் வகுப்பு வாண்டுகள் இரண்டும் தொடர்ந்து படித்தன. அவர்கள் வயதுக்கு அந்த நீளமான பெயர் அப்போது புரியவில்லை, தப்பித்தார்கள். புரிகிற வயது வந்தபோது மைக்கில் அது ஒலிக்கவில்லை. நான் செய்த பரிகாரம் என்று சொல்லிக்கொள்ள அவ்வளவுதான் உண்டு.

நாலு வருடம் போயிற்று. பள்ளி ஆண்டு விழாவில் ஒவ்வொரு வகுப்பிலும் முதலில் வந்தவர்களுக்குப் பரிசு கொடுப்பது வழக்கம். அந்த வருடம் எவர்சில்வர் தட்டுக்குப் பதிலாக நம் ஊர்ப் பீங்கான் கோப்பை கொடுக்கலாம், அதில் பிள்ளைகளின் பெயரையும் எழுதி வாங்கலாம் என்று தலைமையாசிரியை சொன்னார். பெயர்ப் பட்டியலை எடுத்துக்கொண்டு ஒரு சின்னக் கம்பெனிக்குப் போனேன். முதலாளி பின்பக்கம் கை காட்டி, "பேரு எழுதறது அந்தப் பொண்ணுதாங்க, அதுகிட்டயே சொல்லிடுங்க" என்றார்.

கொட்டகையில் பலகை போட்டு உட்கார்ந்திருந்தாள். முழங்கை வரை வெள்ளைத் தூசி. கையில் மெல்லிய பிரஷ். நாக்கைக் கடித்துக்கொண்டு ஒரு கோப்பையில் யாரோ ஒரு மணமக்களின் பெயரை எழுதிக்கொண்டிருந்தாள். அந்தக் கையெழுத்தை எனக்குத் தெரியாதா? நிமிர்ந்து பார்த்தாள். அவளுக்கு என்னை உடனே அடையாளம் தெரிந்துவிட்டது. எழுந்துகொண்டாள்.

"நல்லா இருக்கீங்களாம்மா?"

"இருக்கேன்டா. நீ... எப்ப சேந்த?"

"ரெண்டு வருசமாச்சிங்கம்மா. அப்பாதான் கேட்டு சேத்து வுட்டாரு."

"அப்பா?"

"அதே வேலதாங்க."

இதைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்தவில்லை. பக்கத்தில் இரண்டு பெண்கள் வேலை செய்துகொண்டிருந்தார்கள். ஒன்பதாம் வகுப்பில் அப்பாவுக்காகச் சொன்ன வேலைக்கு அவளே வந்து சேர்ந்துவிட்டாள். பதினெட்டு வயதில் அந்தப் பெண் கல்லூரியில் இருந்திருக்க வேண்டும். எத்தனையோ தடவை ஒத்திகை பார்த்த மன்னிப்பு ஒன்று என்னிடம் இருந்தது. பட்டியலைத்தான் நீட்டினேன்.

"பரிசு குடுக்கற கப்பு. இந்தப் பேரெல்லாம் எழுதணும்."

வாங்கிப் பார்த்தாள். விரலை வைத்து ஒவ்வொரு பெயராக நிதானமாகப் படித்தாள். உதடு மட்டும் அசைந்தது, சத்தம் இல்லை. முடித்துவிட்டு என்னிடமே திருப்பி நீட்டினாள்.

"பேரு போடலாமான்னு அவங்கள கேட்டீங்களாம்மா?"

குத்திக்காட்டுகிற குரல் இல்லை. கோப்பை எத்தனை, எந்த நிறம் என்று கேட்பது போலத்தான் கேட்டாள். நான் இல்லை என்று தலையாட்டினேன்.

"கேட்டுட்டு வாங்க. நான் எழுதித் தரேன்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்து, விட்ட எழுத்திலிருந்து தொடர்ந்தாள்.

இப்போது உங்களிடம் மைக் இல்லை, செல்போன் இருக்கிறது. பெற்றோர் குரூப்பில் பட்டியலை அப்படியே போட்டோ எடுத்துப் போடுகிறீர்கள் என்று நீங்களே சொன்னீர்கள். திட்டத்தின் பெயர், பிள்ளையின் பெயர், அப்பாவின் தொழில், சாதி, வருமானம் எல்லாம் அதில் இருக்கிறது. கடைசித் தேதி நெருங்குது, வேற வழி இல்லை என்றீர்கள். நானும் அதைத்தான் சொன்னேன். இவ்வளவு எழுதியும் அவள் பெயரை நான் எழுதவில்லை, கவனித்திருப்பீர்கள். ஒரு தடவை சொன்னதே போதும்.

அந்தக் கம்பெனிக்குப் போய்வந்த மறுநாள், பள்ளியில் பரிசு வாங்கப்போகிற பிள்ளைகளை ஒவ்வொருவராகத் தனியே கூப்பிட்டு, கோப்பையில் உன் பெயரைப் போடலாமா என்று கேட்டேன். எல்லோரும் சந்தோஷமாகத் தலையாட்டினார்கள். ஏழாம் வகுப்பில் ஒரு பெண் மட்டும் தரையைப் பார்த்தபடி, "வேணாங்கம்மா" என்றாள். சரி என்று அவள் பெயரைப் பட்டியலிலிருந்து அடித்தேன். ஏன் என்று நான் கேட்கவில்லை.